‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை: கங்காணியின் துண்டுச்சீட்டு முதல் சிங்கப்பூர் சேஃப்டி பெல்ட் வரை

வெளிநாட்டுக் கட்டுமான வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: “அங்கே ரூல்ஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஒழுங்கா ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு.” தவறான அறிவுரை இல்லை. ஆனால் அதற்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. விபத்து என்பது தொழிலாளியின் கவனக்குறைவால் வருவது, விதியை மதித்தால் உயிர் தப்பும் என்பதே அந்தக் கருத்து.

தோழர்களே, இருநூறு ஆண்டுகளாகக் கடல் தாண்டி உழைக்கப் போன மக்களின் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. சாரம் ஆடுகிறது, மண் சரியப் போகிறது, வெயில் தாங்கவில்லை என்று தெரிந்தபின் “இதில் ஏற மாட்டேன்” என்று சொல்ல யாரால் முடிகிறதோ, அவருக்குத்தான் பாதுகாப்பு விதி உயிருள்ள விதி. மற்றவர்களுக்கு அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம். ‘மாட்டேன்’ என்ற சொல்லை நம்மிடமிருந்து பறித்தது எது? பண்ணையிலும் கடன், தோட்டத்திலும் கடன், இன்று ஏஜெண்டிடமும் கடன். இந்தக் கட்டுரை அந்தக் கடனின் வரலாறு.

துண்டு

1830-களுக்குப் பிறகு இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டவும் சாலை போடவும் காப்பி பறிக்கவும் ஆள் தேவைப்பட்டது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று அன்றைய பதிவேடுகள் குறித்த ஒடுக்கப்பட்ட மக்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைந்தது. நிலம் மட்டும் அதில் இறங்கி உழைத்தவர்களுடையது அல்ல. பண்ணையாளாக, படியாளாகத் தலைமுறைக் கடனில் கட்டுண்டு கிடந்தவருக்குத் தூத்துக்குடித் துறைமுகம் ஒரு வாசலாகத் தெரிந்தது.

வடக்கு வழியாகப் போனவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். காலரா, காய்ச்சல், தாகம் இவற்றால் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள், ஏனென்றால் யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை.

ஆட்களைக் கூட்டிப் போனவர் கங்காணி. பயணச் செலவு, சாப்பாடு, துணி, வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. தோட்டம் மாற வேண்டுமென்றால் பழைய துரை ஒரு சீட்டுக் கொடுப்பார்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் அழியாது, கை மாறும். அந்தச் சீட்டுக்குப் பெயர் ‘துண்டு’. ஆளோடு சேர்த்துக் கடன் விற்கப்பட்டது. இல்லை, கடனோடு சேர்த்து ஆள் விற்கப்பட்டார்.

இலங்கை அரசு 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டு, 1922-இல், இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. துண்டு என்ற காகிதம் போனது. ஆனால் வேலைக்குச் சேரும் முன்பே தொழிலாளியைக் கடனாளி ஆக்கும் தந்திரம் போகவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெயரில்லாத ரயில் பாதை

தமிழர்கள் அந்நிய மண்ணில் கட்டிய கட்டுமானங்களிலேயே கொடியது சயாம்–பர்மா ரயில் பாதை. இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானிய இராணுவம் 1942–43-இல் சுமார் 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டிலும் மலையிலும் போட்டது. ரப்பர் தோட்டங்களில் வேலையற்று நின்ற தமிழர்களை ஏமாற்றியும் மிரட்டியும் ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். அவர்களோடு பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் எனப் பல ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் உழைத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கைதிகள் முகாமில் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், இரகசியமாகவேனும் குறிப்பேடு எழுதினார்கள். அதனால் இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அதே மண்ணில் அவர்களைவிடப் பல மடங்கு இறந்த தமிழனுக்கும் பர்மியனுக்கும் அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை.

பாதுகாப்பின் முதல் விதி இதுதான்: கணக்கு. எத்தனை பேர் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள், எந்த இடத்தில் என்று எழுதப்படாத சாவிலிருந்து எந்தச் சட்டமும் பிறப்பதில்லை.

அதே காலத்தில் டில்லியில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். 1943 டிசம்பரில், அந்த மரண ரயில் பாதை முடிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், அவர் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர் நிலையை நேரில் பார்த்தார். அடுத்த மாதமே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. 1946-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 48 மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. தொழிலாளர் பாதுகாப்பை முதலாளியின் கருணை என்று அவர் பார்க்கவில்லை; அரசு கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய கடமை என்று பார்த்தார். நம் இளைஞர்கள் அவரை அரசியலமைப்புச் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். தொழிலாளர் துறையில் அவர் இருந்த நான்கு ஆண்டுகளையும் படிக்க வேண்டும்.

எரிக்கப்பட்ட பாஸ்போர்ட்

1970-களில் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் துறைமுகம், சாலை, அடுக்குமாடி என்று கட்டுமானம் பெருகியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், வெல்டர் என்று ஒரு தலைமுறை விமானம் ஏறியது. தமிழ்நாடு அரசே 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. 1983-இல் பழைய 1922 சட்டத்தை நீக்கிப் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது.

தலித் மக்களுக்கு அந்தப் பயணம் சம்பளத்தைவிடப் பெரியது. பண்ணையார் வீட்டு வாசலில் நிற்காமல் வாழ முடியும் என்பதற்கு அது ஆதாரம். கூரை வீடு காரை வீடானது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். அது சிலருடைய கண்ணை உறுத்தியது.

1995 ஆகஸ்ட் 31. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் உள்ள கொடியங்குளம், தேவேந்திரகுல மக்கள் வாழும் ஊர். வளைகுடாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த பணத்தால் ஓரளவு நிமிர்ந்திருந்த ஊர். குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு சுமார் 600 போலீசார் ஊருக்குள் புகுந்தார்கள். தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம், டிராக்டர், தானியக் குதிர் எல்லாம் அடித்து நொறுக்கப்பட்டன. குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டது என்று ஊர் மக்கள் சொன்னார்கள். துணிமணிகளோடு படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் தீயில் போடப்பட்டன.

போலீஸ் தேடி வந்தது ஆட்களை என்றால் பாஸ்போர்ட்டை ஏன் எரிக்க வேண்டும்? ஆதிக்கத்துக்குத் தெரியும், எது நம்மை ஊரின் பிடியிலிருந்து விடுவிக்கிறது என்று. அரசு கொடுக்க வந்த நிவாரணத்தை அந்த மக்கள் வாங்க மறுத்தார்கள். ‘மாட்டேன்’ என்று சொன்ன ஊர் அது.

ஆகவே, “வெளிநாட்டு வேலையே வேண்டாம், அங்கே ஆபத்து” என்று நாம் சொல்லப் போவதில்லை. அந்தப் பாதை நம் மக்கள் போராடித் திறந்தது. அந்தப் பாதையில் போகிறவர் உயிரோடும் முழு உடலோடும் திரும்ப வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

காலையில் கேட்ட சத்தம்

சிங்கப்பூர், 2004 ஏப்ரல் 20. நிக்கல் நெடுஞ்சாலைக்கு அருகே சுரங்க ரயில் பாதைக்காக ஆழமாகத் தோண்டிய பள்ளத்தில் மண்ணைத் தாங்கி நின்ற இரும்புத் தாங்கல்கள் முறிந்தன. நெடுஞ்சாலையே உள்வாங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். மற்றவர்களை வெளியேற்றிவிட்டுத் தான் மாட்டிக்கொண்ட மேற்பார்வையாளர் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

விசாரணைக் குழு சொன்னது என்ன? தாங்கல்களின் இணைப்பு வடிவமைப்பிலேயே பலவீனமாக இருந்தது. சுவர் அளவுக்கு மீறி வளைவதைக் கருவிகள் முன்பே காட்டின. விபத்து நடந்த அன்று காலையிலேயே இரும்பு நெளியும் சத்தம் கேட்டது. ஆனாலும் வேலை நடந்தது. பிற்பகல் மூன்றரை மணியளவில் எல்லாம் சரிந்தது.

அங்கிருந்த எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தாலும் அந்தப் பள்ளம் சரிந்துதான் இருக்கும். தொழிலாளியின் ஒழுக்கத்தால் தடுக்கக்கூடிய விபத்து இல்லை அது. வரைபடம் போட்டவரும், அளவீட்டைப் படித்தவரும், “நிறுத்து” என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரும்தான் தடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு சிங்கப்பூர் தன் சட்டத்தை மாற்றியது. 2006-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்தை உருவாக்குகிறவரே அதைக் குறைக்கப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. வேலை தொடங்கும் முன் ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டும். உயரத்தில் ஏறவும் ஆழத்தில் இறங்கவும் தனி பர்மிட் வேண்டும். கட்டுமானத் தொழிலாளி பாதுகாப்புப் பயிற்சியில் தேர வேண்டும். விதி மீறும் ஒப்பந்ததாரருக்குப் புள்ளிகள் ஏறும். பதினெட்டு மாதத்துக்குள் 25 புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டு ஆட்களை எடுக்க முடியாது. 2004-இல் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2018-இல் 1.2 ஆகக் குறைந்தது.

இந்த எண்களை நன்றாக நினைவில் வையுங்கள். “இந்த வேலையில் சாவு சகஜம்”, “விதி முடிந்தது” என்று நம் ஊரில் சொல்கிறவர்களுக்கு இதுவே பதில். முதலாளியின் பணப்பையைத் தொடும் விதி போட்டு, அதை நடைமுறைப்படுத்தினால் சாவு குறைகிறது. தலையெழுத்து அப்படியேதான் இருக்கிறது, சட்டம்தான் மாறியது.

பெல்ட் இருக்கிறது, வாய் இல்லை

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெல்ட் மாட்டியபடி முப்பதாவது மாடியில் நிற்கும் தொழிலாளியின் முதுகில் இன்னொரு சுமை இருக்கிறது.

சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் இந்தியாவில் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். நம் ஊர்களில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று நீங்களே உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். ஸ்கில் டெஸ்ட் செலவு, ஏஜெண்ட் காசு, இடைத்தரகர் கமிஷன் என்று லட்சங்களில்தான் பேச்சு வரும். நிலம் உள்ளவர் நிலத்தை அடகு வைக்கிறார். நிலமற்ற தலித் குடும்பம் நகையை அடகு வைக்கிறது, மிச்சத்துக்கு வட்டிக்காரரிடம் போகிறது. கந்துவட்டி என்ன செய்யும் என்று திருநெல்வேலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23 அன்று ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் தீக்கு இரையானது: கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது.

இந்தக் கடனோடு போனவர், வேலை அனுமதி முதலாளியின் பெயரில் இருக்கும் நாட்டில், “இந்தச் சாரம் சரியில்லை, ஏற மாட்டேன்” என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் பர்மிட் ரத்தாகலாம். ஊருக்கு அனுப்பிவிட்டால் வட்டி நிற்காது. அடிபட்டால்கூட மருத்துவமனையில் உண்மையைச் சொல்லாமல் “அறையில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லும் நிலை இப்படித்தான் உருவாகிறது. பழைய துண்டில் கடன் எவ்வளவு என்று எழுதியாவது இருந்தது. இன்றைய துண்டு எழுத்தில் இல்லை, அதனால் நீதிமன்றத்தில் காட்டவும் முடியாது.

கத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால நண்பகலில் திறந்தவெளி வேலைக்கு 2007-லேயே தடை இருந்தது. தொழிலாளர் சாவு பற்றி உலகம் முழுக்கக் கேள்வி எழுந்த பிறகு, 2021-இல் அது விரிவாக்கப்பட்டது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளிவேலை கூடாது. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். வெப்பத்தால் ஆபத்து என்று கருதினால் வேலையை நிறுத்தும் உரிமையும் தொழிலாளிக்குத் தரப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981, 1988 உடன்படிக்கைகளும் இதே உரிமையைச் சொல்கின்றன: உடனடி ஆபத்திலிருந்து விலகியதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. காகிதத்தில் ‘மாட்டேன்’ இருக்கிறது. கடன் அதைத் தொண்டையில் நிறுத்துகிறது.

வேலையிடம் என்பது சைட் மட்டும் அல்ல. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப்பில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எந்த ஹெல்மெட்டைப் போட்டிருக்க வேண்டும்? சிங்கப்பூரில் சைட்டுக்குள் அத்தனை விதி இருந்தும், தொழிலாளர்களை லாரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சிமெண்ட் மூட்டை போகும் வண்டியில் மனிதரும் போகலாம் என்று நினைக்க, அவரைப் பற்றி ஒரு தரம் பிரித்த எண்ணம் வேண்டும். அந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. நம் நாட்டில் அதற்குச் சாதி என்று பெயர்.

ஆற்றங்கரையில்

வெளிநாட்டைக் குறை சொல்லிவிட்டு நம் ஊரைத் தப்பவிட முடியாது. 2022 மே 14 இரவு திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். நம் கட்டடங்களில் கொத்தனார் இன்றும் செருப்புக்கூட இல்லாமல் சாரத்தில் நிற்கிறார், சித்தாள் பெண் தலையில் சும்மாட்டோடு மாடி ஏறுகிறார். சிங்கப்பூரில் பெல்ட் இல்லாமல் ஏற மறுக்கப் பழகிய அதே ஆள், ஊருக்குத் திரும்பி இங்கே வேலைக்குப் போனால் பெல்ட் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கே கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறைப்பட்டவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. உரிமை கேட்டவர்களைத் தாமிரபரணியில் தள்ளிய மாவட்டத்தில், பிள்ளைகள் வாய் திறக்கப் பயப்படுவது கோழைத்தனம் அல்ல, அனுபவம்.

நாம் செய்ய வேண்டியது

இளம் தோழர்களே, மாணவர்களே, இதை ஒரு வேலைத் திட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கடனை எழுதுங்கள். உங்கள் ஊரிலிருந்து போகிறவர் யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுத்தார் என்பதற்குச் சீட்டோ வங்கிப் பரிமாற்றமோ இருக்கட்டும். ஏஜெண்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துச் சொல்வது கல்லூரி மாணவருக்குப் பத்து நிமிட வேலை.

இரண்டாவது, காப்பீடு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளுக்குப் போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவருக்கு அந்த நாட்டின் வேலைக்காயம் இழப்பீட்டுச் சட்டம்தான் துணை. யார் மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலை அனுமதி ரத்தானாலும் கேட்கலாம், ஆனால் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். இந்த ஓராண்டு தெரியாமல் யாரும் இழப்பீட்டை இழக்கக் கூடாது.

மூன்றாவது, தமிழில் கொடுங்கள். ஒப்பந்தம், பாதுகாப்புப் பயிற்சி, பர்மிட் எல்லாவற்றையும் புரிந்த மொழியில் கேட்பது சலுகை அல்ல. புரியாத காகிதத்தில் வாங்கிய கையெழுத்து முதலாளியைக் காப்பாற்றுமே தவிர தொழிலாளியைக் காப்பாற்றாது.

நான்காவது, கணக்கு. உங்கள் ஊராட்சியிலிருந்து வெளிநாடு போய்ப் பெட்டியில் திரும்பியவர்கள் எத்தனை பேர்? விரலோ காலோ இழந்து திரும்பியவர்கள் எத்தனை பேர்? குடும்பத்தின் சம்மதத்தோடு ஆண்டு, நாடு, வேலை, சொல்லப்பட்ட காரணம், கிடைத்த இழப்பீடு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். “இயற்கை மரணம்” என்று சான்றிதழில் போட்டிருந்தால் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். மாத்தளைப் பாதையிலும் சயாம் காட்டிலும் நமக்குக் கிடைக்காமல் போனது இந்த நோட்டுதான்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது தெளிவானது. தலித் இளைஞர்களுக்குப் பயணச் செலவுக்கும் திறன் தேர்வுக்கும் வட்டியில்லாக் கடன் வேண்டும். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கட்டுமானத் தொழிலாளர்களைப் பெரிய அளவில் நேரடியாக அனுப்ப வேண்டும். சட்ட வரம்புக்கு மேல் காசு வாங்கும் ஏஜெண்ட் மீது வழக்குப் போட வேண்டும். கடன் இல்லாமல் போகிறவர் விதியை மதிப்பார், மற்றவரையும் மதிக்க வைப்பார். சாரம் ஆடினால் இறங்கி வந்து “சரி செய்யுங்கள், பிறகு ஏறுகிறேன்” என்று சொல்வார். அடுத்த முறை உங்கள் தெருவில் ஒருவர் விமானம் ஏறக் கிளம்பும்போது, ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லும் முன் எவ்வளவு கடன், யாரிடம் என்று கேளுங்கள்.